பெரிய மளிகைக் கடைகளுக்கு இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக்கு 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (நகரில் எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் திட்டம்) இலக்கு ஆண்டு 2026 என்பதால், அடுத்த திட்டம் உருவாகும் இவ்வேளையில் பெரிய பல்பொருள் அங்காடிகளுக்கான இடத்தையும் தெளிவாக வரையறுக்க வேண்டும்.

இருபது அடிச் சந்துக்குள் இருக்கும் அண்ணாச்சி கடைக்கு மூட்டைகள் சிறு வண்டியில் வந்து இறங்கிவிடுகின்றன. பெரிய அங்காடிக்கோ நாள்தோறும் லாரிகள் வரவேண்டும். குளிரூட்டும் எந்திரங்கள் இரவெல்லாம் இரைய வேண்டும். எங்கள் தெருவில் அப்படியொன்று திறந்த பிறகு, விடியற்காலை நான்கு மணிக்கே லாரி பின்னோக்கி வரும் ஓசையில்தான் கண்விழிக்கிறோம். வாகன நிறுத்தம் என்று வரைபடத்தில் காட்டப்பட்ட தரைத்தளத்தில் இப்போது அரிசி மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

அதற்காக இவற்றை ஊருக்கு வெளியே தள்ளிவிடச் சொல்லவில்லை. கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியது சரியே. ஆனால் சில்லறைக் கடை, முதியவர்கள் பையுடன் நடந்து சென்று திரும்பும் தொலைவில் இருக்க வேண்டியது. ஆகவே, குடியிருப்புகளின் விளிம்பில், பேருந்து ஓடும் அகலச் சாலைகளை ஒட்டிய வீடுகளோடு கடைகளுக்கும் இடமளிக்கும் கலப்புக் குடியிருப்பு மனைகளில், சரக்கு இறக்க மனைக்குள்ளேயே இடம் விட்டால் மட்டும் அனுமதிக்கலாம். தனிக் குடியிருப்புத் தெருக்களைச் சிறு கடைகளுக்கே விட்டுவிடலாம். கட்டடப் பணி நிறைவுச் சான்றோடு நின்றுவிடாமல், கடை திறந்து ஓராண்டு கழித்தும் அதிகாரிகள் வந்து வாகன நிறுத்தத்தைப் பார்வையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை.