முடிவெடுக்கும் கூட்டங்களில் செவிலியருக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் உலக செவிலியர் நாளான மே 12 அன்று செவிலியரை மேடையேற்றித் தேவதைகள் என்று புகழ்கிறோம். ஆனால் மருத்துவமனையின் கட்டடம், கொள்முதல், பணியிடங்கள் பற்றிப் பேசும் கூட்டங்களில் அவர்களின் குரல் பெரும்பாலும் கேட்பதில்லை. அரசு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் பணியாற்றிய இடத்தில் புதிய வார்டு ஒன்றைத் திறந்தபோது, செவிலியர் மேசை வாசலை ஒட்டி அமைந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் தூண் மறைத்துக் கடைசி வரிசைக் கட்டில்கள் தெரியவில்லை. கை கழுவும் தொட்டியோ கழிப்பறைப் பக்கம் இருந்தது. இரவுப் பணியில் தனியாக நிற்கும் செவிலியர், ஒவ்வொரு முறை சலைன் மாற்றும்போதும் அவ்வளவு தூரம் போய்க் கை கழுவி வர முடியுமா? வரைபடத்தை எங்களிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்போம். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு மட்டும் எங்களைத் தவறாமல் அழைத்தார்கள்!

1947-ஆம் ஆண்டு இந்திய செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் வந்த தேசிய செவிலியர் ஆணையச் சட்டம், முதுநிலைப் பட்டமும் 20 ஆண்டு அனுபவமும் உள்ள செவிலியரே ஆணையத்தின் தலைவராக வேண்டும் என்கிறது. வரவேற்கிறேன். ஆயினும் அந்த ஆணையத்தின் பணி முக்கியமாகக் கல்வியும் பதிவும் சார்ந்தது. வார்டில் எத்தனை பேர் வேலை செய்வது என்பதை மாநிலக் கோப்புகளே தீர்மானிக்கின்றன. பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்று இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவு பல இடங்களில் காகிதத்தோடு நின்றுவிட்டதற்கு, அக்கோப்புகளைப் பார்க்கும் நிலையில் செவிலியர் இல்லாததும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

செவிலியருக்கு உயர்நிலைத் தலைமைப் பொறுப்புகளை உருவாக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் 2021–2025-க்கான தன் வழிகாட்டு ஆவணத்தில் கூறியிருக்கிறது. 1946-லேயே வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிய மாநிலத்தில் தகுதியானவர்களுக்குப் பஞ்சமில்லை. எனவே, மருத்துவமனைக் கட்டட, கொள்முதல் குழுக்கள் அனைத்திலும் செவிலியர் கண்காணிப்பாளரை வாக்குரிமையுள்ள உறுப்பினராகச் சேர்க்கவும், புதிய வார்டு வரைபடங்களில் அவர் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவும் அரசு ஆணையிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகப்போவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
திருநெல்வேலி.