மாத்திரையை நிறுத்துகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களில் பலர் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்ற செய்தி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது நாளிதழ்களில் வருகிறது. வரும்போதெல்லாம் "மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததே இதற்குக் காரணம்" என்ற வரியோடு முடிகிறது. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு இந்த வரியில் உடன்பாடு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில், 91.75 விழுக்காட்டோடு நின்ற மாவட்டம் இது. காலையில் செய்தித்தாள் படிக்காமல் தேநீர் இறங்காத ஊர்கள் எங்களுடையவை. விழிப்புணர்வு மட்டும்தான் குறை என்றால், இங்கே அந்தக் குறை என்றோ தீர்ந்திருக்க வேண்டும்.

நிலைமை சிறியதல்ல என்பதையும் மறுக்கவில்லை. நீண்டகால நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த தொற்றாநோய்கள் குறித்த ஆய்வில், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது தெரியவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டு, மாத்திரை வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கியது. நல்ல திட்டம், பேருந்து ஏறி வந்து வரிசையில் நிற்க முடியாத முதியவர்களுக்கு அது எத்தனை பெரிய உதவி என்பதை நேரில் கண்டவன் நான். ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போகிறதா என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்கும் முறையில்தான் நாம் பெரும் தவறு செய்கிறோம் என்பது என் எண்ணம்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், மருந்தியல் மாணவர்கள் இருவரின் ஆய்வுக்குத் துணையாக வீடு வீடாகச் சென்றேன். அவர்கள் கையில் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த ஒரு வினாப்பட்டியல் இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மச்சியிடம் மாணவி வாசித்தாள்: "கடந்த இரு வாரங்களில் தங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மருந்தினை உட்கொள்ளத் தவறிய நாட்கள் எத்தனை?" அம்மச்சி என்னைப் பார்த்தார். நான், "குளிகை போடாம விட்டது எத்தனை நாளுன்னு கேக்குது பிள்ளை" என்றேன். எங்கள் பக்கத்து முதியவர்களுக்கு இன்றும் மாத்திரை என்பது குளிகைதான், நோய் என்பது தீனந்தான். "ஒரு நாளும் விட்டதில்ல மக்களே" என்று அவர் உடனே சொன்னார். படிவத்தில் "முறையாக உட்கொள்கிறார்" என்ற கட்டத்தில் குறி விழுந்தது.

பிறகு எங்களுக்குத் தேயிலையும் தின்பண்டமும் தர அவர் அலமாரியைத் திறந்தபோது, உள்ளே ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்ததைக் கண்டேன். அந்த டின்னில் நாங்கள் கொடுத்த இரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டைகள் அடுக்கடுக்காக, ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படாமல், ரப்பர் வளையம் போட்டுப் பத்திரமாக இருந்தன. "இது என்ன அம்மச்சி?" என்று கேட்டேன். "வேற ஆருக்கயோ குளிகை எனக்கு மாறி வந்துட்டு மக்களே, எனக்க குளிகை வெள்ளை. கேட்டா, கொண்டு தாற பிள்ளைக்கு ஏச்சு கிடைக்கும்னு நான் ஒண்ணும் சொல்லல்ல" என்றார்.

நடந்தது இதுதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது முதல் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குகிறது. விலை குறைவாகவும் தட்டுப்பாடின்றியும் மருந்து கிடைக்கும் இந்த ஏற்பாட்டைப் பிற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றின. ஆனால் ஒப்பந்தம் மாறினால் தயாரிப்பு நிறுவனம் மாறும். நிறுவனம் மாறினால் மாத்திரையின் நிறமும் உருவமும் மாறும். அதுவரை வெள்ளையாக, வட்டமாக வந்த மாத்திரை, புதுச் சரக்கில் இளஞ்சிவப்பாக, நீள்வட்டமாக வந்தது. மருந்து அதுவே, அளவும் அதுவே. அன்று என் சாளரத்தின் முன் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நின்றிருந்தார்கள். நிறம் மாறியிருக்கிறது என்று அவர்களில் ஒருவரிடமும், வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலரிடமும் நான் சொல்லவில்லை. ஆகவே அந்த டின்னில் கிடந்த மாத்திரைகளுக்கு விழிப்புணர்வு இல்லாதவர் யார் என்று கேட்டால், முதலில் கையைத் தூக்க வேண்டியவன் நான்.

இது எங்கள் ஊரில் மட்டும் நிகழ்கிற ஒன்றல்ல. மாரடைப்புக்குப் பின் இதய மருந்து எடுத்துக்கொண்ட அமெரிக்க நோயாளிகளிடம் நடத்தி 2014இல் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறியபோது அதை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 விழுக்காடும், உருவம் மாறியபோது 66 விழுக்காடும் கூடியிருந்தது. படிப்பும் வசதியும் மிகுந்த நாட்டிலேயே இப்படி என்றால், தமிழில் ஓர் எழுத்தும் இல்லாத அட்டையைக் கையில் வாங்கும் நம் முதியவர்கள், நிறத்தையும் உருவத்தையும் வைத்துத்தான் எது காலைக்கு, எது இரவுக்கு என்று அடையாளம் வைத்துக்கொள்வார்கள் என்பதில் வியப்பென்ன?

நோயாளி மாத்திரையை நிறுத்துவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை நாம் கேட்பதில்லை. "இரத்தக் கொதிப்பு" என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். கொதிப்பது அடங்கும் என்பது அடுப்படியில் நின்றவர்களுக்குத் தெரியும். தலைசுற்றலும் படபடப்பும் இல்லாதபோது கொதிப்பு அடங்கிவிட்டது என்று ஒருவர் முடிவு செய்தால், நாம் வைத்த பெயரை அவர் சரியாகப் புரிந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மில்லிகிராம் கணக்கும் அப்படியே. அட்டையில் 500 என்று போட்ட சர்க்கரை மாத்திரையைப் "பவர் கூடுனது" என்று அஞ்சிப் பாதியாக உடைத்துப் போடுபவர்களும், 5 என்று போட்ட கொதிப்பு மாத்திரையை "இது சும்மா சின்னது" என்று எண்ணி விட்டுவிடுபவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. இரு வேறு மருந்துகளின் எடையை ஒப்பிட்டு வீரியத்தைக் கணிக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்?

தொழிலின் நேரம் இன்னொன்று. அருமனை, குலசேகரம் பக்கங்களில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி, வெயில் ஏறுமுன் பால் நன்றாகச் சுரக்கும் என்பதால், விடியலுக்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுகிறார். "காலை உணவுக்கு முன்" என்று நாங்கள் உறையில் எழுதிய சர்க்கரை மாத்திரையை அவர் கட்டன்சாயாவோடு (பாலில்லாத தேநீர்) போட்டுக்கொண்டு கிளம்புகிறார்; பால் சேகரித்து, சாப்பாட்டுக்கு உட்காரும்போது மணி ஒன்பது தாண்டிவிடும். இடையில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, ஒருமுறை மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டால், மறுநாள் முதல் அந்த மாத்திரையை அவர் தொட மாட்டார். தொடாமல் இருப்பது அவரளவில் அறிவுள்ள செயல்தான். தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். முப்பது நாள் மாத்திரையோடு கடலுக்குப் போனவர் மீதி நாட்களுக்கு என்ன செய்வார் என்ற கேள்வி எந்த வினாப்பட்டியலிலும் இல்லை.

கேள்விக்குக் கிடைக்கும் பதிலையே நம்பி ஆய்வு செய்வதில் உள்ள தொல்லை இதுதான். மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள் நெருங்கும்போது நான்கைந்து நாட்கள் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவிட்டு வருவது மனித இயல்பு. அப்போது எடுக்கும் அளவு நன்றாகத்தான் இருக்கும். மருந்துக்கடைகளைப் பற்றிய ஆய்வும் இதே போலத்தான். கடைக்காரரிடம் "சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டால் யார்தான் ஆம் என்பார்? அதனால்தான் 2014-15இல் டெல்லி, மும்பை, பாட்னா நகரங்களில் 622 மருந்துக்கடைகளுக்கு, பயிற்சி பெற்றவர்களை நோயாளிகளைப் போலவே அனுப்பிப் பார்த்தார்கள். காசநோய்க்கான அறிகுறிகளை மட்டும் சொல்லி மருந்து கேட்டபோது, ஆன்டிபயாட்டிக்கோ ஸ்டீராய்டோ கொடுக்காமல் மருத்துவரிடம் போகச் சொன்னது 13 விழுக்காடு தடவை மட்டுமே. சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாகக் காட்டும் பரிசோதனைத் தாளை நீட்டியபோது அது 62 விழுக்காடாக உயர்ந்தது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தது 37 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைந்தது. காசநோய்க்கான முதன்மை மருந்துகளை மூன்று நகரங்களிலும் ஒரு கடையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைக்காரர்களை ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிகளாக்கும் வழக்கத்தை இந்த ஆய்வு எனக்கு மாற்றியது: ஒரு துண்டுத் தாள் கைக்கு வந்தால் அவர்களின் நடத்தையும் மாறுகிறது.

நம் ஊர் மெடிக்கலில் "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை" என்று கேட்டு நிற்பவரின் பக்கமும் ஒன்று உண்டு. மருத்துவரின் கட்டணம், பேருந்துச் செலவு, வேலைக்குப் போகாமல் இழக்கும் ஒரு நாள் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் அங்கே நிற்கிறார். அட்டையைக் கத்தரித்து, மூன்று நிற மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுக்கும்போது, காலாவதித் தேதியும் மருந்தின் பெயரும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணைப்படி (சீட்டில்லாமல் விற்கக் கூடாத சில ஆன்டிபயாட்டிக் உள்ளிட்ட மருந்துகளின் பட்டியல்), அதிலுள்ள மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். விதியில் குறையில்லை.

இங்கே நம் மாவட்டத்துக்கு ஒரு தனி வாய்ப்பு இருப்பதை ஆய்வாளர்கள் ஏன் கவனிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. களியக்காவிளையில் ஒரு சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். இருபுறமும் உறவுக்காரர்கள், இருபுறமும் ஒரே வகைக் காய்ச்சல், மருந்துச் சட்டமும் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆனால் கேரள அரசு 2024 தொடக்கத்தில் "அம்ரித்" என்ற பெயரில் மருந்துக்கடைகளில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கி, சீட்டில்லாத ஆன்டிபயாட்டிக் விற்பனையை நெருக்கத் தொடங்கியது. எல்லைக்கு இப்புறம் ஒரு மைல், அப்புறம் ஒரு மைல் என்று கடைகளையும் வீடுகளில் மீந்து கிடக்கும் மாத்திரைகளையும் ஒப்பிட்டாலே, கண்டிப்பு நடத்தையை மாற்றுகிறதா, அல்லது வாங்குபவரை எல்லை தாண்ட வைக்கிறதா என்பது தெரிந்துவிடும். இதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை. இரண்டு பேருந்துச் சீட்டு போதும்.

மாவட்டச் சுகாதாரத் துறைக்கும் மருத்துவ, மருந்தியல் கல்லூரிகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. அடுத்த விழிப்புணர்வுப் பேரணிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு ஆய்வு செய்யுங்கள். புதிய சரக்கில் மாத்திரையின் நிறமோ உருவமோ மாறி வரும்போது, பாதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும், உறையின் மேல் "நிறம் மாறியுள்ளது, குளிகை அதுவே" என்று ஒரு முத்திரை குத்திக் கொடுங்கள். (ரப்பர் விளையும் மாவட்டத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்புக்குப் பஞ்சம் வராது.) மற்ற பாதியில் வழக்கம்போலக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து, வீட்டாரின் சம்மதத்தோடு, இரு பக்கமும் மீந்துள்ள மாத்திரைகளை எண்ணுங்கள். "தவறாமல் போடுகிறீர்களா?" என்று கேட்காதீர்கள், "எந்தக் குளிகையை எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டியவரை ஏசமாட்டோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை கொண்டு தரும் பெண் தன்னார்வலருக்கும் ஏச்சு வராது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வரத் தயார். கால்வலி இருப்பதால் மலைப்பக்கத்து வீடுகளுக்கு மட்டும் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
குலசேகரம், குமரி மாவட்டம்