கை கொடுத்த எல்லோருக்கும்

வணக்கம். நம் இரண்டு கைகளையும் மூளை எப்படிச் சேர்ந்து இயக்குகிறது என்று நான் நடத்திய செயல்முறை விளக்கம் நல்லபடியாக முடிந்தது. மேடையில் பேசியது நான், ஆனால் வேலை பார்த்தது முழுக்க மற்றவர்கள். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை, அவரவருக்குத் தெரியும்.

முதலில், கூச்சப்படாமல் முன்னால் வந்து விரலாட்டியவர்களுக்கு நன்றி. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மேசைமேல் நீட்டி, கார் வைப்பர் மாதிரி இரண்டையும் ஒரே பக்கமாக ஆட்டச் சொன்னேன், ‘டிக் டிக்’ என்று தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன், ஒரு கட்டத்தில் ஒவ்வொருவருடைய விரல்களும் சொல்பேச்சு கேட்காமல் ஒன்றையொன்று நோக்கி வந்து விலகும் ஆட்டத்துக்குத் தாவிவிட்டன. அந்த நொடியில் உங்கள் முகங்களைப் பார்க்க வேண்டுமே! ஆய்வாளர் ஸ்காட் கெல்சோ 1980களின் தொடக்கத்தில் செய்து காட்டிய சோதனைதான் இது. 1985-இல் ஹாக்கன், பன்ஸ் இருவருடனும் சேர்ந்து அதற்கு ஒரு சமன்பாடே எழுதிவிட்டார். எதிர்த்திசையில் தாவல் நடப்பதில்லை என்பதுதான் இதில் ருசியான விஷயம். ஒன்றையொன்று நோக்கி வந்து விலகுமாறு ஆட்டத் தொடங்கினால் எவ்வளவு வேகம் கூட்டினாலும் வைப்பர் ஆட்டத்துக்கு மாறாது. இரண்டு கைகளிலும் ஒரே தசைகள் ஒரே நேரத்தில் சுருங்குவதுதான் மூளைக்குச் சுலபமான வழி. கைகளைச் சேர்ப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை, பிரித்து வைப்பதற்குத்தான் தேவை. அன்று நான் சொல்ல நினைத்தது மொத்தமும் இதுதான்.

அடுத்து, படங்களை வரிவரியாகச் சரிபார்த்துக் கொடுத்த நரம்பியல் மருத்துவருக்கு. இடது மூளை வலது கையை, வலது மூளை இடது கையை என்பதோடு நிறுத்திவிடாதே என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். சரிதானே? கட்டளையைக் கொண்டுபோகும் நரம்பிழைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடிப்பகுதியில் பக்கம் மாறுவது உண்மை, ஆனால் அது பாதிக் கதை. இரண்டு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் சுமார் 20 கோடி இழைகள் ஓடுகின்றன. ஒரு பாதி செய்வதை மறு பாதிக்குத் தெரிவிப்பதோடு, தேவைப்படும் நேரத்தில் மறு பாதியை ‘நீ சும்மா இரு’ என்று அடக்கவும் அந்த வழி பயன்படுகிறது. அசைவுக்குக் கட்டளையிடும் இயக்கப் பகுதிக்குச் சற்று முன்னால், இரண்டு பாதிகளும் சந்திக்கும் உள்சுவரில் இருக்கும் துணை இயக்கப் பகுதியைப் பற்றியும் அவர் எடுத்துக்கொடுத்த உதாரணம்தான் கூட்டத்தைக் கட்டிப்போட்டது. 1984-இல் பிரிங்க்மன் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு பக்கத்தில் அந்தப் பகுதி அகற்றப்பட்ட குரங்குகளிடம், துளையில் செருகிய தீனியோடு ஒரு தட்டைக் கொடுத்தார்கள். மேலிருந்து ஒரு விரலால் தள்ள வேண்டும், கீழே மற்றக் கையை ஏந்திப் பிடிக்க வேண்டும். அவற்றுக்கோ இரண்டு கைகளும் தள்ளவே போயின! அப்புறம் கார்பஸ் கலோசத்தைத் துண்டித்ததும் அந்தக் குழப்பம் மறைந்தது. அந்தக் குரங்குகளை நினைத்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அவற்றிடமிருந்து தெரிந்துகொண்டது நிறைய.

புத்தகம் ஏந்திய ஜோடிக்குத் தனி நன்றி. கண்ணை மூடி, முழங்கையை மடக்கி, உள்ளங்கையில் கனமான புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றாரே, அவர் கையிலிருந்து அதை இன்னொருவர் சட்டென்று எடுத்தபோது கை துள்ளி மேலே போனது. அதே புத்தகத்தை அவரே தன் மற்றக் கையால் எடுத்தபோது ஏந்திய கை அசையக்கூட இல்லை. எடுக்கும் கைக்குக் கட்டளை போகும்போதே ஏந்தும் கையின் தசையைத் தளர்த்தவும் மூளை ஏற்பாடு செய்துவிடுகிறது. பாரம் குறைந்த பிறகு சுதாரிப்பதில்லை, முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. நாள் முழுக்க இதைச் செய்கிறோம், ஒருவருக்கும் தெரிவதில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

டிரம்ஸ் வாசித்த நண்பரே, ஒரு கையில் மூன்று, மறு கையில் இரண்டு என்று நீங்கள் ஒரே நேரத்தில் தட்டியதைவிட, அதற்குப் பிறகு சொன்னதுதான் பலருக்கும் பிடித்திருந்தது. இரண்டு தாளங்களைத் தனித்தனியாக எண்ணுவதில்லை, இரண்டும் சேர்ந்த ஒரே தட்டு வரிசையாகத்தான் கை கற்றுக்கொள்கிறது என்றீர்கள். ஆய்வாளர்கள் நீட்டி முழக்கிச் சொல்வதும் அதுவே.

பக்கவாதத்துக்குப் பிறகு சட்டைப் பொத்தான் போடப் பழகியதைச் செய்துகாட்டிய அம்மாவுக்கும், அவருக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்டுக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க, மற்றது பொத்தானைத் துளைக்குள் நுழைக்க, இரண்டும் வேறு வேறு வேலை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

இந்த மடலைப் படிக்கப்போகாத சிலருக்கும் ஒரு வார்த்தை. கடுமையான வலிப்பு நோய்க்காகக் கார்பஸ் கலோசத்தைத் துண்டிக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலர் ஆய்வுகளுக்கு ஒத்துழைத்திருக்கிறார்கள். இரு கைகளாலும் ஒரே நேரத்தில் வேறு வேறு வடிவங்களை வரையச் சொன்னால் நாம் தடுமாறுவோம், அவர்கள் தடுமாறவில்லை என்று 1996-இல் வந்த ஆய்வு காட்டியது. கைகள் அசையும் நேரம் மட்டும் அப்போதும் ஒத்தே இருந்தது. அப்படியானால் எல்லா ஒருங்கிணைப்பும் அந்த இணைப்பின் வழியாகத்தான் நடக்கிறது என்று சொல்ல முடியாது. அவர்கள் அத்தனை பொறுமையாக உட்கார்ந்திருக்காவிட்டால் என் பேச்சில் பாதி இருந்திருக்காது.

நாற்காலி போட்டவர்கள், மைக் பிடித்தவர்கள், கேள்வி கேட்டே என்னை மடக்கிய அந்தச் சுட்டிப்பெண், எல்லோருக்கும் நன்றி. விரலாட்டிய வீடியோ என்னிடம் இருக்கிறது. முகம் தெரிய வேண்டாம் என்பவர்கள் சொல்லுங்கள், கைகள் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிவிட்டு அனுப்புகிறேன்.