மீனாவுக்கு, தம்பி ரிப்போர்ட் விஷயமா

மீனா,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், தம்பிக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்னு ரிப்போர்ட் வந்திருக்குன்னு. போன்ல பேசினா நீ நடுவுல அழுவ, நான் சமாதானம் சொல்லிட்டு விஷயத்தை விட்டுடுவேன், அதான் டைப் பண்றேன். நிதானமா படி, தம்பிக்கும் அனுப்பு, ஆனா உங்க ஃபேமிலி குரூப்ல மட்டும் போட்டுறாதே, உங்க பெரியப்பா ஒருத்தர் போதும் மன்னார்குடி பூரா தெரியறதுக்கு.

இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். பெரம்பூர்ல மெட்ரோ வேலைன்னு ரோட்டைப் பூரா மாத்தி விட்டுட்டாங்க, ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ஜீவன் போயிடுது. பெரியவன் பிளஸ் டூ, என்கிட்ட பேசறதே இல்ல. நான் இன்னும் அதே ரிசர்ச் டிபார்ட்மென்ட்தான், ட்ரையல் கோஆர்டினேட்டர், ட்ரையல்னா மருந்தை மனுஷங்ககிட்ட குடுத்து சோதிச்சுப் பாக்கறது, அதுல டாக்டர் கையெழுத்து போடற ஃபார்ம் எல்லாம் நான் நிரப்பறது, பேஷன்ட் விசிட்டுக்கு வரலேன்னா போன் போட்டுக் கெஞ்சறது. இப்ப ஓடற ட்ரையல் ஹெபடைடிஸ் பி-க்குத்தான், அதான் லிவரைத் தாக்கற அந்த வைரஸ், மருந்து பேரு சொல்லக் கூடாது. அதனால உன் மெசேஜ் வந்தப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு, தினம் பாக்கற வியாதி உங்க வீட்டுக்குள்ள வந்து நிக்குது.

முதல்ல தம்பி. கல்ஃப் வேலைக்கு எடுக்கற மெடிக்கல் டெஸ்ட்ல அன்ஃபிட்னு போட்டது அவனுக்கு உலகமே முடிஞ்ச மாதிரி இருக்கும், கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டியிருப்பான், அந்த வலி வேற. ஆனா ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி, அதாவது இந்த வைரஸோட மேல் உறைப் புரதம், பாசிட்டிவ்ங்கறது வைரஸ் உடம்புல இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது, லிவர் கெட்டுப் போச்சுன்னு சொல்லல. நம்ம நாட்டுல 2022 கணக்குப்படி கிட்டத்தட்ட 2.98 கோடி பேருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பெரும்பாலானவங்களுக்கு இருக்கறதே தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சிருச்சு, அந்த வகையில நல்லதுதான். அவனுக்குன்னு தட்டு டம்ளர் தனியா வெச்சிருக்காங்கன்னு சொன்னியே, அதை இன்னிக்கே நிறுத்தச் சொல்லு, இது எச்சில் தட்டுல பரவற வியாதி கிடையாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்துல அம்மாகிட்டேருந்து குழந்தைக்கு, இதுதான் வழி. ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ் மட்டும் தனியா இருக்கட்டும்.

இப்ப கீழாநெல்லிக்கு வரேன். உங்க அத்தை மோர்ல அரைச்சுக் குடுக்கறாங்க, அது போக ஒரு வைத்தியர் 48 நாள் பாக்கெட் குடுத்திருக்கார், "எதுக்குடி இங்கிலீஷ் மருந்து"ன்னு கேக்கறாங்கன்னு சொன்ன. நான் கிண்டல் பண்ணப் போறேன்னு நெனச்சே, இல்லையா? கிண்டல் பண்ண மாட்டேன், ஏன்னா இந்தக் கீழாநெல்லிக் கதை நம்ம சென்னையில நடந்த கதை, அதுவும் சின்னக் கதை இல்ல.

மெட்ராஸ் யுனிவர்சிட்டியில தியாகராஜன் சார்னு மைக்ரோபயாலஜி புரொஃபசர், பின்னாடி துணைவேந்தர் கூட ஆனார். அவரும் அவர் டீமும் பிளம்பர்க் கூடச் சேர்ந்து ஒரு ட்ரையல் பண்ணாங்க. பிளம்பர்க் யாருன்னா ஹெபடைடிஸ் பி வைரஸையே கண்டுபிடிச்சவர், 1976ல நோபல் வாங்கினவர், ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் தினம்னு வெச்சிருக்கறதே அவர் பொறந்தநாளுக்காகத்தான். அப்பேர்ப்பட்ட ஆளு நம்ம வேலியோரத்துச் செடியை சீரியஸா எடுத்துக்கிட்டார் பாரு. அமெரிக்காவுல அவங்க லேப்ல உட்சக்னு ஒரு பிராணிக்கு, அதுக்கும் இதே மாதிரி ஒரு ஹெபடைடிஸ் வைரஸ் உண்டு, இந்தச் செடியோட சாறைக் குடுத்துப் பாத்துட்டு 1987ல பேப்பர் போட்டாங்க. அப்புறம் 1988ல லான்செட்ங்கற மெடிக்கல் பத்திரிகையில மனுஷங்ககிட்ட பண்ண ட்ரையல் வந்துச்சு. 30 நாள் பொடி. குடிச்ச 37 பேர்ல 22 பேருக்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி காணாம போச்சு, 59 சதவீதம். பிளசிபோ, அதாவது மருந்து இல்லாத டம்மி, குடிச்ச 23 பேர்ல ஒரே ஒருத்தருக்கு. உலகமே திரும்பிப் பாத்துச்சு, பாக்காம இருக்குமா.

ஆனா அதுக்கப்புறம் என்னாச்சுன்னு ஊர்ல யாரும் சொல்றதில்ல, பாக்கெட் விக்கறவங்க சத்தியமா சொல்ல மாட்டாங்க. தாய்லாந்துல அதே செடியை வெச்சுப் பண்ணாங்க, 1990ல ரிசல்ட், வேலை செய்யல. பம்பாயில பண்ணாங்க, நியூசிலாந்துல பண்ணாங்க, ரெண்டும் 1994ல வந்துச்சு, அங்கேயும் வேலை செய்யல. 2011ல எல்லா ட்ரையலையும் கூட்டிப் பாத்த காக்ரேன்ங்கற ஆராய்ச்சி அமைப்போட ரிவ்யூ, பிளசிபோவை விட நல்லதுன்னு நம்பற மாதிரி ஆதாரம் இல்லன்னு முடிச்சிருச்சு. முதல் ட்ரையல் ஏன் அப்படி வந்துச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, செடியில ரகம் வேற, மண்ணு வேற, பறிச்ச காலம் வேறன்னு. என் தொழில் புத்திக்கு உறுத்தறது அந்த 37, 23தான். ரெண்டு பக்கமும் கணக்குல வந்தவங்க ஏன் இவ்வளவு ஏறுமாறா இருக்காங்க? என் ட்ரையல்ல அப்படி வந்தா, ட்ரையலைச் சரி பாக்க வர்ற மானிட்டர் என்னை உக்கார வெச்சு, வராதவங்க எங்கன்னு குடைஞ்சு எடுத்துடுவாங்க. ஃபாலோ-அப்புக்கு வராதவங்கதான் எப்பவும் ரிசல்ட்டை மாத்தறவங்க. அதுக்காக தியாகராஜன் சார் டீமைக் குறை சொல்லல, அவங்களே இது முதல்கட்ட ஸ்டடி, மேல பாக்கணும்னுதான் எழுதினாங்க. பிளசிபோ வெச்சு, நம்பரை வெளிய போட்டதாலதான் இன்னொருத்தன் திருப்பிப் பண்ணிப் பாக்க முடிஞ்சது. உங்க வைத்தியர்கிட்ட அவர் பாக்கெட்டுக்கு அப்படி ஒரு நம்பர் கேட்டுப் பாரேன்.

அப்ப நம்ம பாட்டி காலத்துலேருந்து கீழாநெல்லி குடிச்சு காமாலை சரியானது பொய்யான்னு கேப்ப. சரியானது நிஜம்தான் டி. ஆனா ஊர்ல வர்ற காமாலையில பெரும்பாலானது ஹெபடைடிஸ் ஏ, இல்லன்னா ஈ, தண்ணி மூலமா வர்றது. சாக்கடை குடிதண்ணிக் குழாய்ல கலந்தா தெருவே மஞ்சளாகும். 1955-56ல டெல்லியில யமுனைத் தண்ணியில சாக்கடை கலந்து 29,000 பேருக்குக் காமாலை வந்துச்சு, அது ஈ-ன்னு பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. இந்த ரெண்டும் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு மாசத்துல தானாப் போயிடும். கர்ப்பிணிக்கு ஈ வந்தா மட்டும் உயிருக்கே ஆபத்து, அது வேற. தானாப் போற வியாதிக்கு எதைக் குடுத்தாலும் கேக்கும், கீழாநெல்லி குடுத்தாலும் கேக்கும், கையில சூடு போட்டாலும் கேக்கும், பேரு அந்த மருந்துக்குப் போயிடும். பி அப்படி இல்ல. உன் தம்பி கண்ணுல மஞ்சள் கூட இல்ல, பசி எடுக்குது, நல்லா இருக்கான். 48 நாள் கழிச்சும் நல்லாத்தான் இருப்பான், உங்க அத்தை குணமாயிடுச்சும்பாங்க, வைரஸ் பாட்டுக்கு உள்ள இருக்கும்.

அந்தப் பாக்கெட்ல கீழாநெல்லி மட்டும்தான் இருக்கான்னும் யாருக்கும் தெரியாது. கோவிட் சமயத்துல சீந்தில் குடிச்சு லிவர் அடி வாங்கின கேஸ்களை மும்பை டாக்டர்கள் 2021ல எழுதினாங்க. இலைன்னா ஒண்ணும் பண்ணாதுங்கறது சும்மா நம்பிக்கை. ஏற்கெனவே வைரஸ் உக்காந்திருக்கற லிவர்ல பேர் தெரியாத பொடியைக் கொட்டச் சொல்ல எனக்கு மனசு வரல, பாக்கெட்டை நிறுத்தச் சொல்லு.

இங்கிலீஷ் மருந்து மட்டும் என்ன கிழிச்சிருச்சுன்னு உங்க அத்தை கேட்டா அதுவும் நியாயமான கேள்விதான். டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரை வைரஸை அடக்கும், தொரத்தாது. வைரஸ் தன்னோட ஒரிஜினலை லிவர் செல்லோட நியூக்ளியஸ்குள்ள பூட்டி வெச்சிருக்கு, மாத்திரை நிறுத்தறது ஜெராக்ஸ் மிஷினை மட்டும்தான். அதனால ஆரம்பிச்சா டாக்டர் சொல்லாம நிறுத்தவே கூடாது, நிறுத்தினா திடீர்னு கிளம்பி லிவரைப் பதம் பாத்துடும். இப்ப எல்லாரும் தேடறது ஃபங்க்ஷனல் க்யூர், மருந்தை நிறுத்தி 24 வாரம் ஆனப்புறமும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி வராம இருக்கணும். பெபிரோவிர்சென்னு ஒரு ஊசி, வாரம் ஒண்ணு, 24 வாரம், 2022ல வந்த ரிசல்ட்ல நல்லா வேலை செஞ்ச குரூப்லயே 9, 10 சதவீதம் பேருக்குத்தான் அப்படி நின்னுச்சு, அதுக்கே எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. இப்ப அந்த 59 சதவீதத்தை நெனச்சுப் பாரு, அது மட்டும் நிஜமா இருந்திருந்தா நான் இந்த வேலையில இருக்கவே தேவையில்ல, தாம்பரம் தாண்டி எங்கயாவது கீழாநெல்லித் தோட்டம் போட்டிருப்பேன்.

ஹெபடைடிஸ் சி-காரங்களைப் பாத்தாதான் பொறாமையா இருக்கு. 1989லதான் அந்த வைரஸையே கண்டுபிடிச்சாங்க, இப்ப 12 வாரம் மாத்திரை, முடிஞ்சு போச்சு. மின்மான்னு ஒரு ட்ரையல், சுனிதி சாலமன் மேடம் ஞாபகம் இருக்கா, 1986ல இங்க முதல் எச்.ஐ.வி கேஸ்களைக் கண்டுபிடிச்சாங்களே, அவங்க பையன் சுனில் லீட் பண்ணது. 84 மாத்திரையையும் முதல் நாளே கையில குடுத்து அனுப்பிட்டாங்க, நடுவுல டெஸ்ட் கிடையாது, 399 பேர்ல 95 சதவீதம் க்யூர். நான் இங்க ஒரு பேஷன்ட்டுக்கு விசிட் விசிட்டா ரத்தம் எடுத்து ட்ரை ஐஸ்ல பேக் பண்ணிட்டிருக்கேன்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்றேன். தம்பிக்கு ஹெச்.பி.வி டி.என்.ஏ (ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு), எல்.எஃப்.டி (லிவர் எப்படி வேலை செய்யுதுன்னு), ஃபைப்ரோஸ்கேன் (லிவர் எவ்வளவு இறுகியிருக்குன்னு), ஒரு வயித்து ஸ்கேன். இதெல்லாம் பாத்துட்டுத்தான் மாத்திரை வேணுமா, வெறுமனே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்தா போதுமான்னு சொல்வாங்க. பணத்துக்கு யோசிக்காதே, 2018லேருந்து இதுக்குன்னே மத்திய அரசு திட்டம் இருக்கு, கவர்மென்ட்ல மருந்து இலவசம், இங்க ஜி.எச்.ல ஹெபடாலஜிக்கு, அதாவது லிவர் வியாதிக்கு, தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு. பிரைவேட் வேண்டாம், எங்க ஆஸ்பத்திரியும் வேண்டாம், நானே சொல்றேன்.

அவசரம் அவன் பொண்டாட்டிக்குத்தான், ஏழாவது மாசம்ன. அவளுக்கு உடனே ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி பாக்கணும். செக்கப்ல ஏற்கெனவே பாத்திருப்பாங்க, அந்த ஃபைலை எடுத்துப் பாரு. நெகட்டிவ்னா, தடுப்பு இல்லன்னு டாக்டர் சொன்னா, தடுப்பூசி போட்டுக்கலாம், கர்ப்பத்துல போடலாம், பயமில்ல. பாசிட்டிவ்னா ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு பாத்து, அதிகமா இருந்தா அவளுக்கு இப்பவே டெனோஃபோவிர் ஆரம்பிப்பாங்க, பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைக்குத் தடுப்பூசி, கூடவே இம்யூனோகுளோபுலின்னு வைரஸை எதிர்க்கற ஆன்டிபாடி ஊசி. பிரசவம் எங்க பாக்கறாங்களோ அங்க இப்பவே சொல்லி ஃபைல்ல எழுத வெச்சிடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்துப் போறப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது. தாய்ப்பால் தாராளமா குடுக்கலாம்.

இன்னொண்ணு, இதைத்தான் போன்ல சொல்ல வாய் வராது. தம்பிக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு ஊர்ல அசிங்கமா பேசறாங்கன்னு சொன்னியே. பெரியவனானப்புறம் இந்த வைரஸ் வந்தா நூத்துல அஞ்சு பேருக்குக் கூடத் தங்காது, பொறந்தப்ப வந்தா பத்துல ஒம்பது பேருக்குத் தங்கிடும். அவனுக்கு அனேகமா சின்ன வயசுலேயே வந்திருக்கும், அவன் நடத்தைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு அந்தப் பேசற வாய்ங்ககிட்ட சொல்லு. ஆனா அப்படின்னா அம்மா. உங்கம்மாவுக்கு வயித்துல தண்ணி கோத்து, ஒரு சொட்டு குடிக்காத பொம்பளைக்கு எப்படி லிவர் போச்சுன்னு நாம அப்ப பேசிக்கிட்டோமே. இதுதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது, யாரும் டெஸ்ட் பண்ணல. ஆனா நீயும் அதே வயித்துல பொறந்தவ. உனக்கும் உன் பொண்ணுக்கும் பாத்துடு, பொண்ணு தடுப்பூசி கார்டையும் தேடு, சின்னதுல போட்டிருக்கான்னு தெரியணும். நெகட்டிவ்னா நீ தடுப்பூசி போட்டுக்கோ, மூணு ஊசி, 0, 1, 6 மாசம். பாசிட்டிவ்னா நான் இருக்கேன், இதையேதான் தினம் பாக்கறேன்.

மன்னை எக்ஸ்பிரஸ்ல தம்பிக்கும் உனக்கும் டிக்கெட் போட்டுட்டு தேதி சொல்லு, அன்னிக்கு லீவு போட்டுடறேன், எழும்பூர்ல இறங்கினா ஜி.எச் கிட்டத்துலதான், ஓ.பி சீட்டு வாங்க காலையிலயே நிக்கணும். அம்மாவோட பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி ஏதாவது பீரோவுல கிடந்தா எடுத்துட்டு வா. ஆதார் கார்டு ஜெராக்ஸும்.

உன்,
கலா