முறுக்கினால் போகும் வண்டி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து நடமாட ஆரம்பித்துவிட்டாய் என்பதில் பெரிய நிம்மதி. காரை விற்றுவிட்டுப் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், மகளும் அதையே ஓட்டப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். போதாததற்கு, "கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, முறுக்கினால் போகிறது, இதில் பழக என்ன இருக்கிறது?" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை பக்கம் பதில்.

ஸ்கூட்டரைக் குட்டி மோட்டார்சைக்கிள் என்று நினைத்துக்கொள்ளாதே. மோட்டார்சைக்கிளில் பெரும்பாலும் 17, 18 அங்குலச் சக்கரம். இதில் 10 அல்லது 12. என்ஜின் நடுவில் இல்லை, பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு அதோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. பல வண்டிகளில் பெட்ரோல் டேங்க்கும் சீட்டுக்கு அடியில்தான். நீ உட்காரும் இடமும் பின்பக்கம். ஆக எடையில் பெரும்பங்கு பின்னால் குவிந்துகிடக்க, முன்சக்கரம் லேசாக இருக்கிறது. முழங்காலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள முன்னால் டேங்க்கும் கிடையாது. இந்த வண்டி எங்கே வழுக்கும், எப்படி விழும் என்பதெல்லாம் இந்த அமைப்பிலிருந்துதான் வருகிறது.

முதலில் பிரேக். வலது லீவர் முன்சக்கரத்துக்கு, இடது லீவர் பின்சக்கரத்துக்கு. பின்பக்கம் கனமாக இருப்பதால் பின்பிரேக்தான் வண்டியை நிறுத்தும் என்று தோன்றும். அந்தக் கணக்கு வண்டி நிற்கும்போது சரி. பிரேக் பிடித்ததுமே எடை முன்னால் சாய்ந்துவிடுகிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. அதை மட்டும் அழுத்தினால் சீக்கிரமே லாக் ஆகி வண்டியின் வால் ஒரு பக்கமாகப் போகும். உலர்ந்த சாலையில் நிறுத்தும் வேலையில் பாதிக்கு மேல் முன்சக்கரம்தான் செய்கிறது. "முன்பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுவிடும்" என்று பழக்கிவிடுகிறவர்கள் சொல்வார்கள், நம்பாதே. தூக்கிப் போடுவது படக்கென்று பிடிக்கும் பிடி. முதலில் லேசாக அழுத்து. முன் சஸ்பென்ஷன் அமுங்குவது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போ. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி.

உன் வண்டியில் சி.பி.எஸ். என்ற கூட்டு பிரேக் அமைப்பு இருந்தால் இடது லீவரைப் பிடித்தாலே முன்பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். கொஞ்சம்தான். அவசரத்துக்கு வலது கையும் வேலை செய்தே ஆகவேண்டும். அதை ஏ.பி.எஸ். என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது ஏ.பி.எஸ்.; சி.பி.எஸ். இரண்டு சக்கரத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பதோடு சரி.

காலி மைதானமோ ஆள் இல்லாத அகலமான இடமோ கிடைத்தால் 20 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திப் பழகு. கை பழகியதும் 30, அப்புறம் 40. ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது மட்டும்தான் பலமாகப் பிடிக்க வேண்டும். முன்சக்கரம் சறுக்குவது தெரிந்தால் அந்த நொடியே விட்டுவிட்டு மறுபடி மெல்லப் பிடி. பின்சக்கரம் சறுக்கினால் பதறாமல் நேராகப் பார்த்துக்கொண்டு அழுத்தத்தைக் குறை. மகளுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடு; தெருவைச் சுற்றி வருவது தானாக வந்துவிடும்.

தூரக் கணக்கும் ஒரு தடவை மனசில் ஏறட்டும். 40 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்து விரல் லீவரை அழுத்த ஒரு நொடி ஆனால் அந்த 11 மீட்டர் பிரேக்கே பிடிக்காமல் போய்விடும். அதன்பின் உலர்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தாலும் நிற்க இன்னும் ஏறக்குறைய 12 மீட்டர். மொத்தம் 23. அதுவே 60-ல் போனால் 17-ம் 28-ம் சேர்ந்து 45 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, நிற்கும் தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஈரச் சாலை என்றால் இன்னும் நீளும். முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியபின் நீ அதே கம்பத்தைத் தாண்ட இரண்டு நொடியாவது ஆகவேண்டும். மழையில் நாலு நொடி. சந்திப்பு, பள்ளிக்கூடம், சந்தை நெருங்கும்போது விரல்களை முன்கூட்டியே லீவர் மேல் வைத்துக்கொண்டால் அந்த ஒரு நொடியில் ஒரு பகுதி மிச்சமாகும்.

இப்போது அந்த "முறுக்கினால் போகும்" விஷயம். உள்ளே பெல்ட்டும், என்ஜின் சுற்று ஏறினால் தானாகப் பிடித்து இறங்கினால் விலகிக்கொள்ளும் கிளட்ச் ஷூக்களும் இருக்கின்றன. வேகம் நன்றாகக் குறைந்து, முறுக்கும் வலது கைப்பிடியையும் முழுசாகத் தளர்த்திவிட்டால் ஷூ விலகிவிடும். அப்போது என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை. யூ-டர்ன் போடுகையில் பலர் தடுமாறுவது இங்கேதான். பாதித் திருப்பத்தில் கைப்பிடியை விடுகிறார்கள், வண்டி சாய ஆரம்பிக்கிறது, பயந்து முறுக்குகிறார்கள், ஷூ திடீரென்று பிடித்து வண்டி எகிறுகிறது. இதற்கு வழி சுலபம்: திருப்பம் முழுவதும் கைப்பிடியை ஒரே அளவில் கொஞ்சமாகத் திறந்து வை, வேகத்தை இடது லீவரை லேசாக உரசவிட்டுக் கட்டுப்படுத்து. கண் போய்ச் சேரவேண்டிய இடத்தில் இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவன் பள்ளத்தில்தான் போய் விழுவான்.

இறக்கத்திலும் இதே கதை. ஷூ விலகிவிட்டால் என்ஜினின் இழுவை இருக்காது, எல்லாப் பாரமும் பிரேக் மேல். நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். கைப்பிடியை ஒரு கணம் லேசாகத் திறந்து மூடினால் ஷூ மறுபடி பிடித்துக்கொள்ளும். பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடி. பெட்ரோல் மிச்சம் என்று சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குகிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியிலிருந்து இறங்காதே. கீழே நின்று வலது கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் தள்ளும்போது கை அறியாமல் முறுக்கும். கியர் வண்டியில் நியூட்ரல் காப்பாற்றும், இதில் அது கிடையாது. முன்னால் கால் வைக்கும் பலகையில் குழந்தையை நிறுத்திவிட்டு யாருடனோ பேசும் வழக்கமும் அதே ஆபத்துதான். சின்னக் கை ஒரு திருகு திருகினால் போதும்.

சின்னச் சக்கரத்துக்கு வருவோம். பெரிய சக்கரம் உருண்டு தாண்டிவிடும் குழியில் 10 அங்குலச் சக்கரம் இறங்கி, எதிர் விளிம்பில் முட்டும். குழியைத் தவிர்க்க முடியாது என்று தெரிந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் இறங்கும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடு. பிடித்தபடியே இறங்கினால் அமுங்கிய சஸ்பென்ஷன் மேலும் அமுங்க இடமில்லாமல் அடி நேராகக் கைக்கு வரும். தண்டவாளம், சாலையோர விளிம்பு, பழைய தார்மேல் போட்ட புதுத் தாரின் திட்டு இவற்றை எல்லாம் சாய்வாக ஏறாமல் முடிந்தவரை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும்.

மழையில் முதல் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழம்பாகக் கிடக்கும். வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, இரும்புத் தகடு இவற்றின் மேல் வண்டி நிமிர்ந்திருக்கட்டும், பிரேக்கும் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். தேங்கிய நீரைத் தாண்டியபின் இரண்டு பிரேக்கையும் லேசாக உரசவிட்டுச் சிறிது தூரம் போ. டிரம்முக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் முதல் பிடியில் ஒன்றும் நடக்காது.

மற்ற வண்டிகள். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டது. வேறு வண்டியோடு மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில், வழிவிட வேண்டிய எதிர் வண்டி வழிவிடவில்லை. "பார்க்கவே இல்லை" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொய்யில்லை. நேர் எதிரே வரும் இருசக்கர வண்டி ஒரு மெல்லிய கோடு. தூரத்தில் அசைவே தெரியாது, கிட்ட வந்தபிறகுதான் திடீரென்று பெரிதாகும். காரின் முன்கண்ணாடித் தூணுக்குப் பின்னால் அது முழுசாக மறைந்தும் போகும். இத்தனை வருஷம் காரோட்டிய உனக்கு அந்தத் தூண் தெரியும். ஆகவே குறுக்குச் சாலையில் காத்திருக்கும் காரோட்டியின் கண்ணைப் பார்த்து நம்பாதே, அவன் முன்சக்கரத்தைப் பார். வண்டி நகரப்போவது முதலில் அங்கேதான் தெரியும். நெருங்குகையில் உன் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தக் கோடு அசையும், கண்ணில் படும்.

லாரி, பஸ் பக்கவாட்டுக் கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு நீ தெரியவில்லை. அவை திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போகாமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். நடைபாதைக்கும் திரும்பும் லாரிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, எவ்வளவு அகலமாகத் தெரிந்தாலும், மூடிக்கொண்டே வருகிற இடைவெளி. நிறுத்தியிருக்கும் கார்களை ஒரு மீட்டராவது தள்ளியே தாண்டு, கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, கார் மாதிரி இதில் இண்டிகேட்டர் தானாக அணையாது. திரும்பி முடித்தும் மினுக்கிக்கொண்டே போனால், நீ திரும்பப்போகிறாய் என்று நம்பி எதிரே ஒருவர் வண்டியை எடுத்துவிடுவார்.

ஹெல்மெட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அளவைத் தவிர. 1935-ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பேர்பெற்ற டி.இ. லாரன்ஸ் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தபோது பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். அவர்தான் பிறகு ஹெல்மெட்டின் பயனை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். அடியைத் தாங்குவது வெளி ஓடு மட்டுமில்லை, உள்ளே இருக்கும் தெர்மோகோல். அது ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் குப்பைக்குத்தான். புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளந்து வாங்கு. கன்னம் இறுக வேண்டும். வாரைப் பூட்டிக்கொண்டு பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பார். கழன்று வந்தால் அது உனக்கு இல்லை. வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. முகம் முழுக்க மூடுவதே நல்லது, முகவாயும் தரையில் படும். காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே போனைச் செருகினால் அந்த இறுக்கம் எல்லாம் போயிற்று. மகளுக்குத் தனி ஹெல்மெட். உன்னுடையதை அவள் போட்டால் சுழலும். விழும்போது முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கை, அதனால் கையுறையும் மூடிய செருப்பும் இருக்கட்டும்.

பின்னால் ஆள் ஏறினால் லேசான முன்சக்கரம் இன்னும் லேசாகும், நிற்கும் தூரமும் மாறும். கனமான பையைத் தோளில் மாட்டுவதைவிடக் கால்பலகையில் வைப்பது மேல், ஆனால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பு. கொக்கியில் தொங்கும் பை திருப்பத்தில் முழங்காலில் முட்டும்.

வாங்கியது பழைய வண்டி ஆனதால் ஒரு நாள் உட்கார்ந்து இவற்றைப் பார்த்துவிடு. சுவருக்கு எதிரே பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தி, இரண்டு லீவரையும் தனித்தனியாகப் பிடித்து, பிரேக் விளக்கு சுவரில் தெரிகிறதா என்று பார். ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். ஒன்று செத்திருந்தாலும் மற்றது எரிவதால் தெரியாமலே ஓடும். கேபிள் பிரேக் என்றால் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வெறும் ஆட்டம் இருக்கலாம். டிரம்மின் கையில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக் பிடிக்கும்போது அது எல்லைக் கோட்டைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. டிஸ்க் என்றால் பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஈரத்தை உறிஞ்சிவிடும். சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பு. நடுவில் டக்கென்று ஓர் இடத்தில் பிடித்தால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாலும், முறுக்கிய வலது கைப்பிடி விட்டதும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

டயர் காற்று, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது வாரம் ஒருமுறை. பல 110 சி.சி. ஸ்கூட்டர்களுக்கு முன்னால் 22, பின்னால் 29 பி.எஸ்.ஐ. என்ற அளவு, ஆள் ஏறினால் பின்னால் இன்னும் கூடுதல். உன் வண்டியின் கையேட்டில் போட்டிருப்பதே உனக்குச் சரி. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வருஷம் ஆக ஆக ரப்பர் இறுகி ஈரத்தில் பிடிக்காது. உன் வண்டியில் இரண்டு டயரிலும் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது. ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் பதிலுக்குக் காத்திருக்காமல் மாற்றிவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்