ஏரிப்பாசன விவசாயிகள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், இந்தச் சித்திரை வெயிலிலும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை நீளம் என்று புகார் வந்தது. அதனால் கணக்கைச் சுருக்கியிருக்கிறேன். மற்றதைச் சுருக்க முடியவில்லை.

இந்த ஆண்டு இரண்டு மூத்த உறுப்பினர்களை இழந்தோம். அவர்களில் ஒருவர் 22 வருஷம் நமக்கு நீர்க்கட்டியாக, அதாவது மதகு திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவராக இருந்தவர். எந்த வாய்க்காலில் எத்தனை மணி நேரம் தண்ணீர் விட வேண்டும், எந்த வரப்பு யாருடைய எல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதை உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளாமல் விட்டது செயலாளரான என் தவறு. அது எவ்வளவு பெரிய தவறு என்று தை மாதம்தான் உறைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் ஏரி நிரம்பி, உபரி வழியும் கலங்கல் பாய்ந்தது. இரண்டு இரவு கரையிலேயே கிடந்தோம். மணல் மூட்டை தூக்கிய இளைஞர்களுக்கு நன்றி. நடுமதகு ஷட்டர் உடைந்து கிடந்ததால்தான் அவ்வளவு பாடு. அதைச் சரிசெய்யச் சொல்லி வருவாய்த் துறை ஜமாபந்தியில் ஒரு மனு, குறைதீர்க் கூட்டத்தில் இரண்டு, 'மக்களுடன் முதல்வர்' முகாமில் ஒன்று கொடுத்தோம். மார்ச்சில் என் கைப்பேசிக்கு 'தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது' என்று தகவல் வந்தது. ஷட்டர் இன்னும் அப்படியே கிடக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மீன் ஏலம், சந்தா எல்லாம் சேர்த்து வரவு 48,200 ரூபாய், செலவு 41,650. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

இனி தை மாதத்து விஷயம். அறுப்பு முடிந்த கையோடு கீழ்மதகுப் பக்கம் இரண்டு தரகர்கள் வந்து நிலத்துக்கு விலை பேசினார்கள். எந்தக் கம்பெனிக்கு என்று சொல்லவில்லை. "பட்டா நிலத்தை வாங்கிடுவீங்க, நடுவுல ஓடுற வாய்க்காலை என்ன பண்ணுவீங்க?" என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டிருக்கிறார். "அதுக்குத்தான் இப்ப சட்டம் வந்திருக்கே" என்றார்களாம். நிர்வாகக் குழு அந்தச் சட்டத்தை வாங்கிப் படிக்கச் சொன்னது. படித்தேன்.

தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம், 2023. அந்த ஆண்டு ஏப்ரல் 21 அன்று விவாதமே இல்லாமல் சட்டப்பேரவையில் நிறைவேறியது. அதே நாளில்தான் தொழிற்சாலையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவும் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் அதை உடனே நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நில மசோதாவைத் தடுக்க அந்த அளவுக்குக் குரல் எழவில்லை. ஏரிக்காகக் கத்த வேண்டியவர்கள் நாம். நாம் 143 பேர், சந்தா கட்டியவர்கள் 61.

சட்டம் சொல்வது இதுதான். 100 ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் திட்டம் போடுகிறவர், அந்த நிலத்துக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் அரசிடம் விண்ணப்பிக்கலாம். அரசு அதைச் 'சிறப்புத் திட்டம்' என்று அறிவிக்கலாம். பிறகு ஆட்சேபணை கேட்டு, குழு வைத்துப் பார்த்து, நீர்நிலை இருக்கும் நிலத்தையும் சேர்த்து ஒருங்கிணைத்துத் தரலாம். 100 ஹெக்டேர் என்றால் 247 ஏக்கர். நம் ஏரித் தண்ணீர் பாயும் நிலம், அதாவது ஆயக்கட்டே, 180 ஏக்கர். நாம் எல்லோரும் ஒரே கையெழுத்தாகப் போய் நின்றாலும் இந்தச் சட்டத்தின் வாசலை மிதிக்க முடியாது.

நீர்நிலையின் கொள்ளளவு குறையக் கூடாது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஏரியைக் குழியாக மட்டும் பார்க்கிறவர்தான் கொள்ளளவோடு நிறுத்திக்கொள்வார். மேல் ஏரியின் உபரி நமக்கு வருகிறது, நம் கலங்கல் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகிறது. பம்ப்செட் எதுவும் வைத்து இது ஓடவில்லை, எல்லாம் மட்டத்தில்தான் ஓடுகிறது. வாய்க்காலை நூறு அடி நகர்த்தி மட்டம் அரை அடி ஏறினால், கொள்ளளவு காகிதத்தில் அப்படியே இருக்கும். கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. இது நம் நீர்க்கட்டிக்குத் தெரியும். அந்தக் குழுவில் நீர்க்கட்டிக்கு நாற்காலி இல்லை.

நமக்கு இருக்கும் விதியையும் சொல்ல வேண்டும். வண்டல் எடுக்க நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. 2024இல் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கினார்கள். நல்லதுதான், 9 உறுப்பினர்கள் பயன்பெற்றார்கள். ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டவருக்கோ 2007ஆம் வருஷ ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. நோட்டீஸ், கெடு, பிறகு பொக்லைன். குடிசைக்காரருக்கு ஏரி அசையாத சொத்து. 247 ஏக்கர்காரர் வந்தால் அது அசைகிறது.

கட்சி பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நிலம் எடுப்பதற்கான மத்தியச் சட்டம் 2013இல் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும், தனியார் கம்பெனிக்கு என்றால் நிலம் இழப்போரில் 80 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும் என்றது. 2015இல் நம் மாநிலம் தொழில், நெடுஞ்சாலை உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே மாதம் பேரவையில் புதிதாகச் சட்டம் இயற்றி உயிர் கொடுத்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அப்போது ஆண்டது ஒரு கட்சி, 2023இல் ஆண்டது வேறொரு கட்சி. நம் ஷட்டர் இரண்டு ஆட்சியிலும் உடைந்துதான் கிடக்கிறது.

இப்படி நிலம் எடுப்பதை எதிர்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். செய்யாறு பக்கம் மேல்மாவில் அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் எடுப்பதை எதிர்த்து 100 நாளைக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2023 நவம்பரில் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 6 பேர் மீது இரண்டொரு நாளில் ரத்தானது. பரந்தூர்ப் பக்கம் புது விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் கேட்கிறார்கள். அதில் ஏரி, குளம், கால்வாயே கால்பங்குக்கு வரும். கிராம சபைத் தீர்மானம் எத்தனை போட்டார்கள் என்று அவர்களே எண்ணுவதை விட்டிருப்பார்கள்.

பொருளாளர் என்னோடு உடன்படவில்லை. அதையும் பதிவு செய்யச் சொன்னார். அவர் மகன் ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். கம்பெனி வராவிட்டால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்கிறார். நியாயமான கேள்வி. நிலத்தை விற்ற நான்கு உறுப்பினர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. 2024–25இல் சன்ன ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,450 ரூபாய் வாங்கிக்கொண்டு அறுவடை மிஷினுக்கும் உரத்துக்கும் கொடுத்தபின் மிஞ்சியது என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். நிர்வாகக் குழு போட்ட தீர்மானத்தில் கம்பெனி வேண்டாம் என்று ஒரு வரிகூட இல்லை. ஏரியையோ வாய்க்காலையோ தொடும் எந்த அறிவிப்புக்கும் முன்னால் ஆயக்கட்டுக்காரர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்பது மட்டுமே. அதை இன்று பொதுக்குழு முன் வைக்கிறேன்.

ஆட்சேபணை சொல்ல வேண்டிய நாள் வந்தால் கையில் எதை எடுத்துக்கொண்டு போவோம் என்பதுதான் என் கவலை. புல எண், வாய்க்கால் அகலம், முறைத் தண்ணீர்க் கணக்கு எதுவும் எழுத்தில் இல்லை. தெரிந்தவர் போய்விட்டார். ஆகவே எல்லா வாய்க்காலையும் நாமே நடந்து அளந்து எழுதுவது என்றும், ஷட்டருக்கு ஏக்கருக்கு 300 ரூபாய் வசூலிப்பது என்றும் குழு முடிவு செய்திருக்கிறது.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு மேல்மதகிலிருந்து அளவு தொடங்கும். சங்கத்திடம் அளவுச் சங்கிலி இல்லை. வீட்டில் வைத்திருப்பவர் கொண்டுவரவும்.

செயலாளர்