கட்டிங் துண்டைக் கொளுத்த விடாதே

ஆம்பூர்

அன்பு மகனுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை.

ஷெட்டுக்குப் பின்னால், தோல் வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் துண்டுகளையும் ஸ்பாஞ்சு வெட்டுகளையும் சாயங்காலம் கொளுத்துகிறார்கள், பையன்கள் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்கிறார்கள் என்று போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. "ஈ.ஐ. தோல்தான்ப்பா, மரப்பட்டையில் பதனிட்டது, குரோம் உப்பில் பதனிட்டது இல்லை" என்றாய். சரி, குரோம் இல்லாதது நல்லதுதான். ஆனால் தோலே புரதமாயிற்றே! விறகில் நைட்ரஜன் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் 17, 18 பங்கு. அசல் தோலா என்று பார்க்க ஓரத்தைத் தீக்குச்சியில் காட்டுவோமே, சுருண்டு, முடி கருகிய நாற்றம் அடிக்குமே, அந்தப் புரதம்தான் அது.

பள்ளிக்கூடத்தில், இப்படிப்பட்ட பொருள் எரிந்தால் வருவது கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், நைட்ரஜன் என்று சமன்பாட்டை முடித்துவிடுவார்கள். வெறும் நைட்ரஜன் வந்தால் கவலையே இல்லை, காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். நிஜ நெருப்பு அப்படி எரியாது. 1830-களில் பிரான்சில் டூமா என்ற வேதியியலாளர் கொண்டுவந்த நைட்ரஜன் அளக்கும் முறை இன்றும் லேப்களில் இருக்கிறது. சுத்த ஆக்சிஜனில், 900 டிகிரி அளவுச் சூட்டில் பொருளை எரிக்கிறார்கள். அதிலும் நைட்ரஜன் ஆக்சைடுகள் கலந்தேதான் வருகின்றன. சூடேற்றிய செம்பின் வழியே விட்டு ஆக்சிஜனைப் பிடுங்கினால்தான் தனி நைட்ரஜன் கிடைக்கும்.

உன் குவியலுக்குச் செம்பு ஏது? மேலே தீ எரியும், உள்ளே காற்றுப் போகாமல் புகைந்துகொண்டே கிடக்கும். அங்கேதான் அம்மோனியாவும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டாகின்றன. பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு சேர்ந்தால் இன்னும் மோசம், அதிலும் நைட்ரஜன் உண்டு. சயனைடு வாடை பலருக்குத் தெரியவே தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாமல் செய்துவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு வேறு விதம். அதிகமாக உள்ளே போனால் அப்போது லேசான இருமல்தான் இருக்கும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பையன் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு இது நடந்தால் யாருக்குத் தெரியும்?

இன்றைக்கே நிறுத்தச் சொல். குளிருக்கு நல்ல விறகு வாங்கிக் கொடு, அதையும் வெட்டவெளியில் எரிக்கட்டும். பெரிய துண்டுகளைச் சாவிக்கொத்து, வாட்ச் பட்டை தைப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். பொடித் துண்டுகளை மூட்டை கட்டி நனையாமல் வை. தோல் துண்டுகளை அரைத்து லெதர் போர்டு அட்டை போடுகிறவர் ஒருவர் இங்கே தெரிந்தவர், அவரிடம் பேசிவிட்டு உனக்குப் போன் செய்கிறேன். ஸ்பாஞ்சைத் தனியாகப் பிரித்து வை, தோலோடு கலந்தால் அவர் எடுக்க மாட்டார்.

அன்புடன்,
அப்பா